பெல்ட் போட்ட அம்மன்

திருச்சி விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் என் கண்ணில் முதலில் பட்டது மச்சினன் கதிர் இல்லை, அவன் வண்டி. ஆழ்கடல் நீலம். நெற்றியில் ஒரே கோடாக ஓடும் விளக்கு. பக்கத்தில் போனதும் இரண்டு பக்கக் கண்ணாடிகளும், கன்றுக்குட்டி காது விடைத்த மாதிரி, தாமாக விரிந்தன.

"பாத்தீங்களா மாமா, நீங்க வந்தது அதுக்குத் தெரிஞ்சிருச்சு."

அதற்குத் தெரிந்தது என்னை அல்ல, அவன் சட்டைப்பையில் கிடந்த சாவியை. இருந்தாலும் மஸ்கட்டிலிருந்து வந்து இறங்குகிறவனை ஒரு வண்டி காது விரித்து வரவேற்றால் கசக்கவா செய்யும்?

நான் பூதலூர்க்காரன். நெல் வயலில் பிறந்து பாலைவன நகரத்தில் வேலை பார்க்கிறவன். என் மனைவி கலா பூம்புகாருக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்துப் பெண். கதிர் அவளுடைய தம்பி. சொந்தப் படகு வைத்திருக்கிறான். அந்தக் குப்பத்துக் கோயிலில் அம்மன் கல்லில் இருக்கிறாள். வீதி உலா போக வெண்கலத்தில் ஒரு திருமேனி இல்லை. வளைகுடாவில் பிழைக்கிற குப்பத்துப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து சுவாமிமலையில் ஒன்று வார்க்கச் சொல்லியிருந்தார்கள். அதை வாங்கிக்கொண்டு போய் ஊர் சேர்ப்பது எங்கள் வீட்டுப் பொறுப்பு. கலாவுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் வந்தேன்.

ஊர்க் கட்டுப்பாடு இரண்டே இரண்டு. அம்மன் பட்டறையை விட்டுக் கிளம்பினால் கோயிலில் ஏறும்வரை தரையில் படக் கூடாது. விளக்கு வைப்பதற்குள் ஊருக்கு வந்துவிட வேண்டும். நாட்டார் என்று அழைக்கப்படும் ஊர்ப் பெரியவர்கள் ஒரு மினி லாரி பேசி வைத்திருந்தார்கள். கதிர் கூட்டத்தில் எழுந்து, "என் வண்டியிலதான் வரணும்" என்றிருக்கிறான்.

"வழியில நின்னுச்சுன்னா?" என்று தலைமை நாட்டார் கேட்டிருக்கிறார்.

"நிக்காது. நின்னா அப்பறம் அது அம்மன் வண்டி. சாவிய அங்கயே வெச்சிடறேன்."

இதை அவன் என்னிடம் சொன்னபோது துவாக்குடியைத் தாண்டியிருந்தோம். "ஏன் மாப்ள அப்படிச் சொன்ன?" என்றேன்.

"வாயில வந்திருச்சு மாமா. அம்மன் என் வண்டியில வந்தான்னு என் பேரப்புள்ளைங்க சொல்லணும்ல." இன்னும் கல்யாணமே ஆகாதவன்.

வண்டிக்குள் ஏதாவது ஒரு மணி அடித்துக்கொண்டே இருந்தது. சாலைக் கோட்டைத் தாண்டினால் ஒரு மணி. மாடு குறுக்கே வந்தால் ஒரு மணி. நம் ஊரில் மாடு கோட்டின் மேல்தான் படுக்கும் என்பதை அதற்கு யாரும் சொல்லவில்லை. செங்கிப்பட்டி பக்கம் ஒரு பெண்குரல் இங்கிலீஷில் பேசியது. களைப்பாக இருப்பதுபோலத் தெரிகிறதாம், கொஞ்சம் ஓய்வெடுத்துக்கொள்ளலாமாம்.

"காப்புக் கட்டினதுலேருந்து மீன் சாப்பிடல" என்று கதிர் திரையைப் பார்த்துப் பதில் சொன்னான். "அந்தக் களைப்புதான் தாயே."

காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை குப்பத்தில் யாரும் கடலுக்குப் போவதில்லை, மீன் சமைப்பதில்லை. அலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கத்திரிக்காய் சாம்பார் சாப்பிடுகிற கஷ்டத்தை அவன் பூதலூர் வரை சொல்லிக்கொண்டு வந்தான்.

பூதலூரில் எங்கள் வீட்டு வாசலில் அண்ணனின் ஜீப் நின்றது. அண்ணன் பெயர் சோமு. சொந்த நிலம் கொஞ்சம், குத்தகைக்குக் கொஞ்சம் என்று சாகுபடி செய்கிறார். அந்த ஜீப்பில் விதை நெல் போயிருக்கிறது, எண்ணெய் இஞ்சின் போயிருக்கிறது, பிரசவத்துக்கு என் அண்ணி போயிருக்கிறார். கதவு கிடையாது. மேலே தார்ப்பாய். ஓட்டுகிறவர் முன்னால் இருக்கிற மீட்டர் முட்களில் ஒன்றுதான் ஆடும். அது எதைக் காட்டுகிறது என்பதில் வீட்டுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. முன்னும் பின்னும் இரும்புக் கொக்கிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குனிந்தால் அடிவயிறு முழுக்கத் தெரியும். அதில் ஒளிவு மறைவே இல்லை.

அண்ணன் புது வண்டியைச் சுற்றி வந்தார். மேல்துண்டை விரித்துத் தரையில் படுத்து அடியில் பார்த்தார்.

"என்னப்பா இது, அடியில பாவாடை கட்டியிருக்கு?"

"காத்து தடுக்காம போறதுக்குண்ணே. பிளாஸ்டிக் தட்டு."

"பாவாடை கட்டின ஜீப்ப இப்பதான் பாக்கறேன்."

"இது ஜீப்பு இல்லண்ணே. எஸ்யூவி."

"ஏறுனா உயரம், உக்காந்தா மெத்தை. வயல்ல எறக்குவியா?"

"வயல்ல எறக்க உங்க வண்டி இருக்கே. அதுல ஒரு தடவ போயிட்டு வந்தா எலும்ப எண்ணி வாங்கிக்கணும்."

அண்ணி சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை. "நாளன்னைக்கு நானும் பின்னாடியே வரேன்" என்றார். "ஒரு பாதுகாப்புக்கு."

"தாராளமா வாங்க. பின்னாடியே வாங்க" என்றான் கதிர், கடைசி வார்த்தையை நன்றாக அழுத்தி.

மறுநாள் அம்மனுக்குப் பட்டும் மாலையும் வாங்கத் தஞ்சாவூர் போனோம். கீழவாசல் பக்கத்துச் சந்தில் வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டியிருந்தது. திரையில் எங்கள் வண்டியே மேலிருந்து தெரிந்தது, கூரையும் நாலு மூலையும். பக்கத்தில் ஒரு பூக்கூடை, ஒரு ஸ்கூட்டர், ஒரு நாயின் முதுகு.

"பருந்து பாக்கற மாதிரி" என்றான் கதிர்.

எங்கள் ஜீப்பைப் பின்னால் எடுக்கும்போது அண்ணிதான் பருந்து. ஈரக்கையோடு வாசலுக்கு வந்து, "வரலாம், வரலாம், வரலாம், போதும், போதும்னு சொல்றேன்ல!" என்பார். அந்தக் கடைசிக் குரலுக்கும் புளிய மரத்துக்கும் நடுவே எப்போதும் ஒரு சாண்தான் மிச்சம் இருக்கும்.

மஸ்கட்டில் ஊரே இந்த மாதிரி வண்டிகளில்தான் போகிறது. வெள்ளிக்கிழமையானால் மலைக்கும் மணலுக்கும் கிளம்பிவிடுவார்கள். என்னோடு வேலை செய்கிற ஓமானி நண்பர் ஒருமுறை மணலில் புதைந்த என் வண்டியைப் பார்த்து அரபியில் சொன்னார்: "முதலில் சக்கரத்துக் காற்றை இறக்கு. மற்றதைப் பிறகு பேசலாம்." அங்கே வண்டி மண்ணோடு சண்டை போடும். இங்கே மண் வண்டியோடு பேச ஆசைப்படும். டெல்டா மண் அப்படி. ஒட்டிக்கொண்டால் விடாது.

சந்திலிருந்து வெளியே வரும்போது எனக்கு ஒன்று தோன்றியது. பழைய ஜீப் போகிற வழியெல்லாம் சாலையைப் பற்றியே சொல்லிக்கொண்டு போகும். இது கல், இது பள்ளம், இது மதகு, இது யாரோ கொட்டிவிட்டுப் போன கருங்கல் ஜல்லி. முதுகெலும்பு ஒவ்வொன்றையும் கேட்டுக்கொள்ளும். புது வண்டி சாலையை மெத்தைக்கு அடியில் மறைத்துவிட்டுத் தன்னைப் பற்றியே சொல்லிக்கொண்டு போகிறது. என் கதவு சரியாக மூடவில்லை, என் சக்கரத்தில் காற்று குறைவு, என் ஓட்டுநர் தூங்கி வழிகிறார். இரண்டும் வாயாடிதான். பேசுகிற விஷயம்தான் மாறிவிட்டது.

மூன்றாம் நாள் காலையில் சுவாமிமலை. பட்டறைக்கு எதிர்க் கடையில் இட்லியும் கடப்பாவும். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சோம்பும் சேர்ந்த அந்தக் குழம்பை மஸ்கட்டில் எத்தனையோ வெள்ளிக்கிழமை முயன்று பார்த்திருக்கிறோம். பாயசத்துக்கும் சாம்பாருக்கும் நடுவில் எங்கேயோ போய் நின்றுவிடும். கதிர் இரண்டாம் தட்டு வாங்கினான். அண்ணன் ஜீப்புக்குப் பக்கத்திலேயே நின்று டீ குடித்தார். ஜீப்பின் பின்பக்கத்தைத் தார்ப்பாய் போட்டு மூடிக் கட்டியிருந்தார். என்ன என்று நாங்கள் கேட்கவில்லை.

பட்டறைக்குள் அம்மன் ஒரு மர மேடையில் அமர்ந்திருந்தாள். பளபளப்பு இன்னும் புதுசு. வலக்கை அபயம், இடக்கையில் கிண்ணம், ஒரு கால் மடித்த இருப்பு. கண் மட்டும் திறக்கவில்லை. அதை மறுநாள் கோயிலில் வைத்து, திரை போட்டு, ஸ்தபதியே வந்து திறப்பார். மெழுகில் பிறந்து, நெருப்பில் மெழுகு போய், அந்த வெற்றிடத்தில் உலோகம் வந்து குடியேறிய உடம்பு. வெளியே இரண்டு வெளிநாட்டு ஏற்றுமதிப் பெட்டிகளுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். பட்டறைக்கு மூச்சுவிட நேரமில்லை.

"வைக்கோல் பரப்பிப் படுக்க வெச்சுக் கொண்டு போறதுதான் வழக்கம்" என்றார் ஸ்தபதி.

"இல்லீங்க. உக்காந்து, வழியப் பாத்துக்கிட்டு வரணும்" என்றான் கதிர்.

"அவங்களுக்குத்தான் இன்னும் கண்ணே திறக்கலியே?"

"நம்ம பாக்கறோம்ல அவங்கள."

இரண்டு ஆள் தூக்கும் கனம். பீடத்தைப் பின்சீட்டில் இறக்கி, இரண்டு பக்கமும் தலையணை கொடுத்து, மஞ்சள் துணி சுற்றினோம். கதிர் வண்டியைக் கிளப்பினான். வீல் வீல் என்று கத்தியது வண்டி. திரையில் சிவப்பாக ஒரு மனித உருவம், குறுக்கே ஒரு பட்டை.

"யாரோ பெல்ட் போடலங்குது" என்றேன். நான் போட்டிருந்தேன். கதிர் போட்டிருந்தான்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பின்சீட்டைப் பார்த்தோம். கதிர் இறங்கினான். கன்னத்தில் போட்டுக்கொண்டான். பெல்ட்டை இழுத்து அம்மனின் இடது தோளுக்கு மேலாக, கிண்ணத்துக்கு அடியில் கொண்டுபோய் மாட்டினான். கத்தல் நின்றது.

ஸ்தபதி வாசலில் நின்று வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். "எத்தனையோ சாமி அனுப்பியிருக்கேன். பெல்ட் போட்டுக்கிட்டுப் போறது இவங்கதான்."

அந்தப் பயணத்தின் முதல் பாதியை நான் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். அவ்வளவு சுகம். கும்பகோணத்து நெரிசல் ஜன்னலுக்கு வெளியே ஊமைப் படமாகப் போயிற்று. வேகத்தடைகளில் அம்மன் தலைகூட அசையவில்லை. ஒரு பாலத்துக்கு அடியில் காவிரி வெறும் மணலாக வெள்ளைவெளேரென்று கிடந்தது. பங்குனி. தண்ணீர் வர இன்னும் காலம் இருக்கிறது. நெல் அறுத்த வயல்களில் உளுந்தும் பயறும் பிடுங்கிக் குவித்திருந்தார்கள். குத்தாலம் தாண்டி வெள்ளரிப்பிஞ்சு வாங்கினோம். விற்ற அம்மா கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துவிட்டு, ஒரு பிஞ்சைக் கழுவித் தனியாக நீட்டினார். "இது அவங்களுக்கு."

கண்ணாடியில் பார்த்தால் தூரத்தில் ஜீப். தார்ப்பாய் படபடக்க, புகை விட்டுக்கொண்டு, விடாமல் வந்துகொண்டிருந்தது.

"உங்க அண்ணன் முதுகு இந்நேரம் போயிருக்கும்" என்றான் கதிர், சந்தோஷமாக.

மயிலாடுதுறையைத் தாண்டிக் கிளைச் சாலையில் இறங்கிய பிறகு திரையில் ஒரு செய்தி வந்தது. நான் படித்துச் சொன்னேன். புகைக் குழாய்க்குள் சேர்ந்த கரியை வண்டி தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்கிறதாம். நிறுத்தாமல் ஓட்ட வேண்டுமாம்.

"நிறுத்தாம ஓட்டறதுதானே நம்ம வேலையே" என்றான் கதிர்.

அடுத்த வளைவில் சாலையின் அகலம் முழுக்க உளுந்துச் செடி காயப் போட்டிருந்தது. கொடியும் நெற்றுமாக, முழங்கால் உயரத்துக்கு. டெல்டாவில் இது ஒரு மரியாதை. போகிற வண்டிகள் ஏறி மிதித்தால் நெற்று உடைந்து மணி உதிரும். ஒதுங்கிப் போகிறவனை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். கடற்கரைப் பையன் கதிர் தயங்கினான். வயற்காட்டு ரத்தம் எனக்குள் துள்ளியது.

"ஏத்து மாப்ள. அவங்களுக்கு ஒத்தாசை."

ஏற்றினான். சரசரவென்று பட்டாசு மாதிரி நெற்றுகள் வெடித்தன. அந்தப் பக்கம் தலையில் துண்டு கட்டிய ஒரு பெண் கையை ஆட்டினார். தனம் என்று பெயர்; கொஞ்ச நேரத்தில் அந்தப் பெயரைச் சொல்லிப் பலர் கத்தப் போகிறார்கள்.

"தம்பி, பெரிய வண்டியா இருக்கு. நல்லா இருப்பீங்க, ஒரு தடவ பின்னாடி வந்துட்டுப் போங்க!"

இப்படிக் கேட்டால் யார் மறுப்பார்கள்? பின்னால் வந்தோம். முன்னால் போனோம். தனம் அக்கா கும்பிட்டார். நாங்கள் பெருமையாகக் கையாட்டினோம்.

கூப்பிடு தூரம்கூடப் போகவில்லை. முதலில் வறுத்த உளுந்து வாசனை வந்தது. "யாரோ வடைக்குப் போடறாங்க" என்றான் கதிர், மீனில்லாத நாக்கோடு. அப்புறம் எனக்குப் பக்கத்தில், கதவுக்குக் கீழே இருந்து புகை எழுந்தது.

காய்ந்த கொடி அடித்தட்டுக்குள் போய்ச் சுருண்டுகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து, கரியை எரித்துக்கொண்டிருந்த குழாய் பழுக்கக் காய்ந்திருந்தது.

கதிர் வண்டியை ஓரம் கட்டி இஞ்சினை நிறுத்தினான். "மாமா, அம்மன்!" என்றான். பெல்ட்டைக் கழற்றினோம். நான் பீடத்தைப் பிடித்தேன், அவன் தோளைப் பிடித்தான். வெளியே கொண்டுவந்து பத்தடி தள்ளி நின்றோம். அதற்குப் பிறகுதான் புரிந்தது. அம்மனைக் கீழே வைக்கக் கூடாது. நாலு கையும் அவளிடம். வண்டிக்கு அடியில் சிவப்பாக ஒரு நாக்கு எட்டிப் பார்க்கிறது.

தனம் அக்காவும் இன்னும் நாலைந்து பெண்களும் அரிவாளும் குடிதண்ணீர்க் குடமுமாக ஓடிவந்தார்கள்.

"அடப்பாவிங்களா, பொம்மையக் கீழ வெச்சுட்டு வந்து இழுங்கய்யா!"

"பொம்மை இல்லக்கா, அம்மன்! தரையில வெக்கக் கூடாது!"

"அப்ப வண்டி எரியட்டுமா?"

கதிரின் கன்னம் அம்மனின் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. அவன் கடலில் சம்பாதித்த வண்டி அது. அதைப் பார்த்தான். "எரியட்டும்" என்றான்.

நான் பீடத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். வெண்கலம் வெயிலில் காய்ந்து, உயிருள்ள உடம்பு மாதிரி சூடாக என் மார்பில் சாய்ந்திருந்தது.

தனம் அக்கா எங்களை ஒரு பார்வை பார்த்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தார். "ஏய் தனம், புடவை! புடவை பத்திக்கும்!" என்று மற்றவர்கள் கத்தினார்கள். ஒருத்தி தண்ணீரை வீசினாள். இரண்டு பேர் வரப்பு மண்ணை முறத்தால் வாரி வாரி அடித்தார்கள். அரிவாளின் வளைவில் மாட்டிக் கருகிய கொடியைக் கற்றை கற்றையாக இழுத்துப் போட்டார்கள். பிளாஸ்டிக் தட்டு ஒரு பக்கம் உருகித் தொங்கியது. நெருப்பு அணைந்தது. அந்தப் பெண்கள் முகத்தில் கரி, தலையில் மண். ஒரு பிரசவம் பார்த்துவிட்டு வந்தவர்கள் போல இடுப்பில் கை வைத்து நின்றார்கள்.

"உளுந்து எங்களுது, கேட்டதும் நாங்கதான்" என்றார் தனம் அக்கா, மூச்சு வாங்க. "அதான் சும்மா இருக்க முடியல."

அப்போது ஜீப் வந்தது. அதுவும் உளுந்து மேல் ஏறித்தான் வந்தது. அடியில் ஒரு கொடி நீளமாகத் தொங்கியது. அண்ணன் இறங்கி, கையை விட்டு, ஒரே இழுப்பில் உருவிப் போட்டார். எங்களைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரமாடா தூக்கிட்டு நிக்கறீங்க?"

"மொதல்ல பின்பக்கத்தத் தொறங்கண்ணே" என்றேன்.

தார்ப்பாயை அவிழ்த்தார். உள்ளே புது வைக்கோல், கனமாக, சமமாகப் பரப்பி, அதன் மேல் மடிப்புக் கலையாத ஒரு பட்டு வேட்டி.

கதிர் அதைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். "வைக்கோல் போட்டே எடுத்துட்டு வந்திருக்கீங்களா?"

"அது... மாட்டுக்கு."

"உங்ககிட்ட மாடு ஏதுண்ணே?"

அண்ணன் ஜீப்பின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஏதோ ஒரு சேற்றைச் சுரண்டினார்.

அம்மனை வைக்கோலில் உட்கார வைத்தோம். என் கைகள் சும்மா மிதந்தன. கதிர் வண்டியில் ஏறிப் பொத்தானை அழுத்தினான். திரையில் கோயில் வாசல் சீரியல் பல்பு மாதிரி எல்லா அடையாளங்களும் எரிந்தன. இஞ்சின் பிடிக்கவில்லை. அடியில் ஏதோ ஒயர் பொசுங்கியிருந்தது. திரும்பத் திரும்ப அழுத்தினான். பிறகு இறங்கி வந்து, ஜீப்பின் பின்சட்டத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"உங்க வண்டியிலயே கொண்டு போயிருங்கண்ணே. வெளக்கு வெக்கிற நேரம் வந்துரும்."

அண்ணன் வைக்கோலைப் பார்த்தார், அதில் அம்மன் அமர்ந்திருந்த அழகைப் பார்த்தார். அவர் ஆசைப்பட்டது தட்டில் வைத்து வந்திருக்கிறது. சாவியைத் திருகினால் போதும்.

"கயிறு இருக்கா?" என்றார்.

"எதுக்கு?"

"உன் வண்டியிலதான வரும்னு ஊர்க்கூட்டத்துல சொல்லியிருக்க. என் வண்டி யாருகிட்ட என்ன சொல்லுச்சு? கயிறு இருக்கா இல்லியா?"

கதிரின் டிக்கியில் படகுக் கயிறு இருந்தது. கட்டைவிரல் கனம். ஆனால் புது வண்டியின் முகத்தில் கொக்கியே இல்லை. தேடினோம். கடைசியில் கையேட்டைப் பார்த்து, பம்பரில் ஒரு சின்ன மூடியைத் திறந்து, டிக்கிக்கு அடியிலிருந்து எடுத்த கொக்கியைத் திருகி மாட்டினோம்.

"கொக்கியக் கூட ஒளிச்சு வெச்சிருக்கான்" என்றார் அண்ணன். ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். "ஆனா வெச்சிருக்கான். பரவாயில்ல."

கயிறு கண்ணுக்குத் தெரிய வேண்டுமே. சிவப்புத் துணி யாரிடமும் இல்லை. தனம் அக்கா பக்கத்து வேப்பமரத்திலிருந்து கொத்துக் கொத்தாக ஒடித்துக் கயிறு நெடுகக் கட்டினார். மிச்சமிருந்த மஞ்சள் துணியைக் கிழித்து நடுவில் முடிந்தோம். அம்மனை மறுபடியும் பின்சீட்டில் ஏற்றினோம். நான் பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினேன். அக்கா தன் முறத்திலிருந்து ஒரு கை உளுந்தை அள்ளி அம்மன் மடியில் போட்டார். "வறுபடாததா பாத்துதான் போடறேன்" என்றார்.

ஜீப் உறுமியது. கயிறு விறைத்தது. வண்டி நகர்ந்தது.

சத்தமே இல்லை. இஞ்சின் இல்லாத அந்த வண்டி அவ்வளவு மெதுவாக, அவ்வளவு மெத்தென்று போயிற்று. முன்னால் ஜீப் ஒவ்வொரு பள்ளத்தையும் தான் வாங்கிக்கொண்டு குலுங்கியது. பின்னால் அம்மனுக்கு அதில் ஒரு துளிகூட வரவில்லை. இரண்டு வண்டியும் சேர்ந்துதான் ஒரு முழு வண்டி என்று அப்போது எனக்குத் தோன்றியது. கதிர் கனத்துப் போன ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தான்.

குப்பத்தின் எல்லையில் ஊரே நின்றது. நாகஸ்வரம், மேளம், தட்டில் விளக்கேந்திய பெண்கள், படகுகள் கரையில் வரிசையாக. கதிர் தலையைக் குனிந்துகொண்டான். "சிரிக்கப் போறாங்க மாமா."

மேளம் ஒரு நொடி தடுமாறியது. முன்னால் ஒரு ஜீப், நடுவில் வேப்பிலையும் மஞ்சளும் கட்டிய வடம், வடத்தின் முடிவில் நீல வண்டி, அதற்குள் அம்மன். யாரோ ஒரு பெண் குலவையிட்டார். அவ்வளவுதான். கூட்டம் ஓடி வந்தது. நாலைந்து பேர் ஜீப்பிலிருந்து கயிற்றை அவிழ்த்தார்கள். வலை இழுத்து வலை இழுத்துக் காய்த்த கைகள் வடத்தின் இரண்டு பக்கமும் வரிசையாக ஏறின. அண்ணன் ஜீப்பை ஓரமாக விட்டுவிட்டு ஓடிவந்து தானும் ஒரு பிடி பிடித்தார்.

தேர் கிளம்பியது.

திரை பயந்துவிட்டது. முன்னால் ஆள், பின்னால் ஆள், இடமும் வலமும் ஆள் என்று நாலு பக்கமும் சிவந்து மணியடித்தது. அது சொன்னது அத்தனையும் உண்மை. கதிர் அழுதுகொண்டே சிரித்தான்.

கோயில் வாசலில் நிறுத்தி நான் பெல்ட்டைக் கழற்றினேன். உடனே வீல் வீல் என்று வண்டி கத்த ஆரம்பித்தது. மேளம் நின்றது. ஊரே காது கொடுத்தது.

"அம்மா எறங்கப் போறாங்கன்னு வண்டி அழுவுது பாருடி" என்றார் விளக்கேந்திய பெண்களில் ஒருவர்.

கன்னங்களில் போட்டுக்கொண்டார்கள். அம்மன் கைமாறிக் கைமாறி, தரை தொடாமல், மேலே ஏறினாள். அதன் பிறகுதான் வண்டி ஓய்ந்தது. விளக்கு வைத்தார்கள்.

கதிர் நேராகத் தலைமை நாட்டாரிடம் போனான். யாரும் எதுவும் கேட்கவில்லை; அவன் பேசாமல் இருந்திருக்கலாம்.

"நின்னுருச்சுங்க. வழியில நின்னு, சோமு அண்ணன்தான் கட்டி இழுத்துட்டு வந்தாரு. சொன்ன சொல்லு சொன்னதுதான்." சாவியை நீட்டினான்.

அவர் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். வழவழவென்று ஒரு கறுப்பு வில்லை. பல்லும் இல்லை, தண்டும் இல்லை. "இது சாவியா?"

"சாவிதாங்க."

"எங்க நுழைப்ப?"

"நுழைக்க வேண்டாம். பக்கத்துல இருந்தாப் போதும்."

"சரிதான்" என்றார். உள்ளே போய் அம்மன் காலடியில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துக் குங்குமம் ஒட்டிய வில்லையோடு திரும்பி வந்தார். "வருசத்துக்கு ஒரு நாளு இது அம்மன் வண்டி. இஞ்சின் போடக் கூடாது, வடம் கட்டித்தான் இழுக்கணும். மத்த நாளெல்லாம் உன்னுது. நின்ன வண்டிய ஊரு எப்பயும் இழுக்கும்ப்பா. நீ எதுக்கு மொகத்த இப்படித் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கற?"

மறுநாள் கண் திறப்பு முடிந்து, கதிரின் வண்டியைப் பழுது பார்க்க ஏற்றி அனுப்பிவிட்டு, நான் அண்ணனோடு ஜீப்பில் பூதலூர் திரும்பினேன். பின்னால் பையை எறியப் போனேன். "அங்க வெக்காத" என்றார். வைக்கோலில் அம்மன் சற்று நேரம் அமர்ந்த இடம், பீடத்தின் அளவுக்குச் சதுரமாக, அப்படியே பள்ளமாக இருந்தது. அவர் பட்டு வேட்டியைக்கூட எடுக்கவில்லை.

பையை மடியில் வைத்துக்கொண்டேன். வழியெல்லாம் அவர் பள்ளம் பார்த்து, மேடு பார்த்து, மதகுக்கு மதகு நின்று நிதானித்து ஓட்டினார். தனம் அக்காவின் உளுந்து வந்தபோது மட்டும் இரண்டு தடவை ஏற்றி இறக்கினார், அதுவும் பூப்போல. பூதலூர் வந்து இறங்கியபோது எண்ணி வாங்கிக்கொள்ள ஓர் எலும்பும் கழன்றிருக்கவில்லை.